பசி தீராத இடத்தில் சர்க்கரை வரி எதற்கு? ஆப்பிரிக்க நாடுகளின் தட்டில் நடக்கும் மாற்றம்

2025 செப்டம்பரில் யுனிசெஃப் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலக அளவில் 5 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளில், உடல் பருமன் உள்ளவர்களின் விகிதம் எடை குறைந்தவர்களின் விகிதத்தை முதல்முறையாகத் தாண்டிவிட்டது என்றது அந்த அறிக்கை. இரண்டு பகுதிகள் மட்டும் விலக்கு: தெற்காசியா, சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கா. அங்கெல்லாம் இன்னும் எடை குறைந்த பிள்ளைகள்தான் அதிகம்.

இதை மட்டும் படித்தால், ஆப்பிரிக்காவின் கவலை பசி ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் தென் ஆப்பிரிக்கா, நைஜீரியா, கானா ஆகிய நாடுகள் இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி போட்டிருக்கின்றன. ரொட்டியில் எவ்வளவு உப்பு இருக்கலாம் என்று தென் ஆப்பிரிக்காவில் சட்டமே இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில் நேரும் இறப்புகளில் இதய நோய், பக்கவாதம், நீரிழிவு போன்ற தொற்றாத நோய்களின் பங்கு 2000-இல் 24 சதவீதமாக இருந்தது. 2019-இல் 37 சதவீதமாகிவிட்டது. பசி தீராத நாடுகளில் சர்க்கரையோடு எதற்குச் சண்டை என்ற குழப்பம் இங்கேதான் வருகிறது.

ஆப்பிரிக்கா என்பது 54 நாடுகள். எத்தியோப்பியாவின் தோசை போன்ற இஞ்சேராவுக்கும் செனகலின் மீன் சோற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதனால் எல்லா நாடுகளையும் ஒரே மூச்சில் பேசாமல், நிலைமை தெளிவாகத் தெரியும் சில நாடுகளை வைத்தே இதை விளக்க முடியும்.

## முதலில் நான்கு சொற்கள்

1. வளர்ச்சி குன்றல். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை தன் வயதுக்கு இருக்க வேண்டிய உயரத்தைவிட மிகக் குட்டையாக இருப்பது. ஒரு வாரம், ஒரு மாதம் சாப்பாடு இல்லாததால் இது வராது. கருவிலிருந்து இரண்டு வயது வரை, அதாவது முதல் 1000 நாட்களில், நெடுநாள் சத்துக் குறைவும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து உண்டாக்குவது. உயரத்தோடு மூளை வளர்ச்சியையும் இது பாதிக்கிறது. பின்னால் சரிசெய்வது மிகவும் கடினம். ஆப்பிரிக்காவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 30 சதவீதம் பேர், 6 கோடிக்கும் மேற்பட்டவர்கள், இப்படி இருக்கிறார்கள்.

2. மறைபசி. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் இரும்புச்சத்து, வைட்டமின் ஏ, துத்தநாகம், அயோடின் போன்றவை உடம்புக்குக் கிடைத்திருக்காது. வெறும் மக்காச்சோளக் களியையோ மரவள்ளிக்கிழங்கையோ வயிறார உண்டாலும் இது வரும்.

3. உணவு மாற்றம். கூலமும் கிழங்கும் பயறும் கீரையும் இருந்த தட்டில் தீட்டிய மாவும் எண்ணெயும் சர்க்கரையும் பாக்கெட் தீனியும் ஏறுவது. கூடவே உடலுழைப்பு குறைவது. பேரி பாப்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் இதை விளக்கினார். ஐரோப்பாவில் பல தலைமுறை எடுத்துக்கொண்ட இந்த மாற்றம், ஆப்பிரிக்க நகரங்களில் ஒரே தலைமுறையில் நடக்கிறது.

4. இரட்டைச் சுமை. சத்துக்குறையும் அதிக எடையும் ஒரே நாட்டில், ஒரே வீட்டில், சிலசமயம் ஒரே உடம்பில் இருப்பது. அதிக எடையுள்ள அம்மா, குட்டையாகிப்போன குழந்தை, இருவருக்கும் ரத்தசோகை.

நான்காவதுதான் இந்தக் கட்டுரைக்கு மையம்.

## ஒரே வீட்டில் இரண்டும் எப்படி?

தென் ஆப்பிரிக்காவின் 2016 மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். பெண்களில் 68 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். ஆண்களில் 31 சதவீதம். அதே கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 27 சதவீதம் பேருக்கு வளர்ச்சி குன்றல், 13 சதவீதம் பேருக்கு அதிக எடை. கண்டத்தின் பணக்கார நாடுகளில் ஒன்றில், நாலில் ஒரு குழந்தைக்கு மேல் குட்டையாகிப்போயிருக்கிறது.

வீட்டில் ஒருவர் அதிகம் தின்று மற்றவருக்கு இல்லாமல் செய்கிறார் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. இருவரும் பெரும்பாலும் ஒரே பானையிலிருந்துதான் சாப்பிடுகிறார்கள். அந்தப் பானையில் ஆற்றல் இருக்கிறது, சத்து இல்லை. வளர்ந்த உடம்புக்கு அந்த ஆற்றல் மிச்சமாகி எடையாகிறது. வளரும் உடம்புக்கோ புரதமும் இரும்பும் துத்தநாகமும் கிடைக்காமல் வளர்ச்சி நிற்கிறது. சிறு குழந்தையின் வயிறு சின்னது; அதில் நீர்த்த மாவுக் கஞ்சியை ஊற்றி நிரப்பினால் முட்டைக்கோ பயறுக்கோ மீனுக்கோ இடமில்லாமல் போகிறது.

இரண்டாவது தொடர்பு இன்னும் கவலையானது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் பற்றாக்குறையில் வளர்ந்த உடம்பு, கிடைப்பதைச் சேமித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. அதே குழந்தை பின்னால் நகரத்தில் சர்க்கரையும் எண்ணெயும் மலிந்த சூழலில் வளர்ந்தால் நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் வர வாய்ப்பு கூடுகிறது. இன்றைய சத்துக்குறையே நாளைய நீரிழிவுக்கு அடி போடுகிறது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 கணக்குப்படி, அதன் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில் 2.4 கோடிப் பெரியவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 54 சதவீதம் பேருக்கு, அது இருப்பதே தெரியாது. மலேரியாவையும் காசநோயையும் மனதில் வைத்துக் கட்டப்பட்ட சிறு மருத்துவமனைகளில் ஆயுள் முழுக்க மருந்து கொடுக்க வேண்டிய நோய்க்கு ஏற்பாடு குறைவு.

## தட்டு எப்படி மாறியது?

இதை நேற்று வந்த பாக்கெட் தீனியிலிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான் தெரியும்.

செனகலின் தேசிய உணவு செபு ஜென், அதாவது மீன் சோறு. 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குப் பிடித்த அரிசி, நம்மூரில் நொய் என்று ஒதுக்குகிற உடைந்த அரிசி. பிரெஞ்சுக்காரர்கள் செனகல் விவசாயிகளை ஏற்றுமதிக்காக நிலக்கடலை போடவைத்தார்கள். கம்பும் சோளமும் விளைந்த நிலம் கடலைக்குப் போனது. அந்த இடத்தை நிரப்ப, அவர்களுடைய இன்னொரு காலனியான இந்தோசீனாவிலிருந்து மலிவான நொய்யைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். நாக்கு அதற்குப் பழகிவிட்டது. சுதந்திரம் வந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும், 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடை செய்தபோது, 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை வந்தபோது, அந்த அதிர்வு மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் கேட்டது.

கிழக்கிலும் தெற்கிலும் மக்காச்சோளத்தின் கதை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் வந்த பயிர் இது. இன்று கென்யாவில் உகாலி, ஜாம்பியாவில் ன்ஷிமா, மலாவியில் ன்சிமா, ஜிம்பாப்வேயில் சட்ஸா, தென் ஆப்பிரிக்காவில் பாப் என்று பெயர் மாறினாலும், எல்லாம் வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான். கையால் இடித்த மாவிலும் ஊர் மில்லில் அரைத்த முழு மாவிலும் தவிடும் முளையும் இருந்தன. பெரிய ஆலைகள் முளையை நீக்குவதற்குக் காரணம் உண்டு: முளையில் எண்ணெய் இருக்கிறது, அது இருந்தால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், கடை அலமாரியில் மாதக்கணக்கில் வைக்க முடியாது. முளையோடு பி வைட்டமின்களும் கொழுப்பும் போய்விடுகின்றன. ஜாம்பியாவில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் தீட்டிய மாவுக்கு 'பிரேக்ஃபாஸ்ட்' என்று பெயர். விலை அதிகம், மதிப்பும் அதிகம். சத்து கூடிய முழு மாவு மலிவு, ஆனால் ஏழை வீட்டு மாவு என்று பெயரெடுத்துவிட்டது.

மேற்கு ஆப்பிரிக்கக் குழம்பிலும் ஒரு மாற்றம். அங்கே குழம்புக்கு மணமும் ருசியும் தந்தது ஒரு மர விதையைப் புளிக்கவைத்துச் செய்யும் உருண்டை. வட நைஜீரியாவிலும் கானாவிலும் அதற்கு தாவாதாவா, மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் சும்பாலா என்று பெயர். புரதம் நிறைந்தது; அதைச் செய்து விற்றுப் பிழைத்தவர்கள் பெண்கள். அதைச் செய்ய நாட்கணக்கில் வேக வைத்து, தோலை உரித்து, புளிக்கவிட வேண்டும். இன்று பல சமையல்களில் அதன் இடத்தில் சுவைக்கட்டிகள் விழுகின்றன. ஒரு கட்டி சில காசுதான், தெருமுனையிலேயே கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி உப்பு.

சிவப்புப் பனை எண்ணெயும் அப்படித்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய எண்ணெய் அது. அதன் சிவப்புக்குக் காரணம், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின். சுத்திகரித்து வெளிறவைக்கும்போது கரோட்டினும் போய்விடுகிறது. இப்போது அதே எண்ணெயை நிறமில்லாமல் விற்று, பிறகு வைட்டமின் ஏ தனியாகக் கலக்கச் சொல்லிச் சட்டம் போட வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் பிறகுதான் உடனடி நூடுல்ஸ் வந்தது. நைஜீரியாவில் 1988-இல் அறிமுகமானது, இப்போது ஆண்டுக்கு 200 கோடி முறைக்கும் மேல் அங்கே சாப்பிடப்படுகிறது.

## விலை, அடுப்பு, நேரம்

மக்களுக்குச் சத்தைப் பற்றித் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் பணம் கொட்டுவதும் அதனால்தான். தகவல் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு தாய் எதை வாங்குகிறாள் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் வேறு மூன்று விஷயங்கள்.

1. விலை. ஐ.நா.வின் உணவு அமைப்புகள் ஆண்டுதோறும் ஒரு கணக்குப் போடுகின்றன. ஒரு நாட்டில் கிடைக்கும் மிக மலிவான பொருட்களை வைத்தே ஒரு சத்தான நாள் சாப்பாட்டைத் தயாரித்தால் என்ன செலவாகும், அதை எத்தனை பேரால் வாங்க முடியும்? 2025-இல் வந்த கணக்குப்படி, ஆப்பிரிக்காவில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களால், மூன்றில் இரண்டு பேரால், அதை வாங்க முடியாது. 2019-இல் இந்த எண்ணிக்கை 86 கோடியாக இருந்தது. பசியால் வாடுபவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். மிச்சமுள்ள பெரும்பான்மைக்கு வயிறு நிறையும்; சத்துக்குக் காசு போதாது. முட்டை, பால், பழம், காய்கறி ஆகியவை மாவோடு ஒப்பிட்டால் பல மடங்கு விலை. எண்ணெயும் சர்க்கரையும்தான் மலிவான ஆற்றல்.

2. அடுப்பு. நைரோபியின் குடிசைப் பகுதியில் ஒரு கிலோ அவரை விதை வாங்குவது முடியாத காரியமில்லை. அதை வேகவைப்பதுதான் பெரிய செலவு. இரண்டு மூன்று மணி நேரம் எரியும் கரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் காசு வேண்டும். அதனால்தான் மக்காச்சோளமும் அவரையும் சேர்த்து அவித்த கித்தேரியைத் தெருவில் பெரிய பானையில் அவித்து விற்கும் பெண்களிடம் அளந்து வாங்குகிறார்கள். சத்தான தெரு உணவு அது. சில நிமிடத்தில் வேகும் நூடுல்ஸும், அடுப்பே வேண்டாத ரொட்டியும் அதோடு போட்டியிடுகின்றன.

3. நேரமும் சில்லறையும். விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பி இருட்டிய பின் திரும்புகிறவர்களுக்கு, சமைக்கும் நேரம் என்பது தூக்கத்திலிருந்து எடுத்த நேரம். தினக்கூலிக்காரர் அன்றைய காசுக்கு அன்றைய பொருளைத்தான் வாங்க முடியும். கென்யாவில் இதற்கு 'கடோகோ' என்று பெயர், சின்னஞ்சிறு அளவு என்று பொருள். ஒரு கரண்டி எண்ணெய், ஒரு பொட்டலம் சர்க்கரை. இப்படிச் சில்லறையாகக் கெடாமல் விற்க முடிவது எது? மாவு, எண்ணெய், சர்க்கரை, பாக்கெட். பாலுக்கும் மீனுக்கும் குளிர்சாதனம் வேண்டும்.

மானியமும் சிலசமயம் இதே பக்கம் சாய்ந்துவிடுகிறது. எகிப்தில் அரசு மானிய ரொட்டியின் விலை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக 5 பியாஸ்டராகவே (எகிப்திய பவுண்டில் நூறில் ஐந்து பங்கு) இருந்தது. 2024 ஜூனில்தான் 20 பியாஸ்டராக உயர்ந்தது. அந்த ரொட்டி கோடிக்கணக்கானவர்களைப் பட்டினியிலிருந்து காத்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ரேஷன் அட்டையில் மலிவாகக் கிடைத்தவை முக்கியமாக ரொட்டி, எண்ணெய், சர்க்கரை. காய்க்கும் பழத்துக்கும் அந்தக் கை நீளவில்லை. பெண்களிடையே உடல் பருமன் மிக அதிகமாக உள்ள நாடுகளில் எகிப்தும் ஒன்று.

மீன் விஷயம் மனதை உறுத்துவது. செனகல், காம்பியா, மொரிட்டானியா கடலோரத்தில் கிடைக்கும் சாளை இன மீன், நம் மத்திக்கு நெருங்கிய உறவு. ஏழைகளின் புரதம் அதுதான். செபு ஜென்னில் விலை கூடிய மீன் போட முடியாதவர்கள் போடுவது அது. கடந்த சில பத்தாண்டுகளில் அந்தக் கரையில் மீன்மாவு ஆலைகள் வந்தன. ஒரு கிலோ மாவுக்கு நாலைந்து கிலோ மீன் போகிறது. அந்த மாவு வேறு கண்டங்களின் மீன் பண்ணைகளுக்கும் கால்நடைகளுக்கும் தீவனம். ஆலை மொத்தமாக வாங்கும் விலையோடு, கரையில் மீனைப் புகைபோட்டு உள்ளூர்ச் சந்தைக்கு அனுப்பிய பெண்களால் போட்டி போட முடியவில்லை.

## பழைய உணவுக்குத் திரும்பினால் போதுமா?

இந்த யோசனை தமிழ் வாசகருக்கு உடனே பிடிக்கும். நாம் நம் பாரம்பரியம் என்று பெருமையாகச் சொல்லும் கேழ்வரகு, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் முதலில் பயிரானது. கம்பு பிறந்தது சஹாராவின் தென் விளிம்பில். சோளம் இன்றைய சூடான் பகுதியில். தட்டைப்பயறும் அங்கிருந்து வந்ததே. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் உண்டு: இந்தியாவிலிருந்து போன முருங்கையை நைஜரில் கீரைக்காகவே தோட்டம் தோட்டமாகப் பயிரிடுகிறார்கள், அங்கே அதற்கு கோப்தோ என்று பெயர்.

கென்யாவில் கீரைகளை மீட்டது நல்ல உதாரணம். மானாகு என்பது மணத்தக்காளி இனம், சாகா என்பது நம் நல்வேளை, தெரேரே என்பது தண்டுக்கீரை இனம், குண்டே என்பது தட்டைப்பயறு இலை. காலனி காலத்தில் இவை களை என்று ஒதுக்கப்பட்டன. முட்டைக்கோஸும், 'சுகுமா விக்கி' என்ற கோஸ் இனக் கீரையும் சந்தையைப் பிடித்தன. சுகுமா விக்கி என்றால் 'வாரத்தைத் தள்ளு' என்று பொருள், சம்பளம் வரும்வரை ஓட்டுவதற்கான கறி. தோட்டக்கலைப் பேராசிரியர் மேரி அபுகுட்சா-ஒன்யாங்கோ 1990-களிலிருந்து நாட்டுக் கீரைகளின் விதை, சத்து, சமையல் மூன்றையும் ஆராய்ந்து, களை என்ற பெயரை மாற்றப் பெரிதும் உழைத்தார். இன்று நைரோபி பல்பொருள் அங்காடியிலும் மானாகு கிடைக்கிறது. பாரம்பரிய உணவைக் காக்கும் கென்யாவின் முயற்சியை 2021-இல் யுனெஸ்கோ நல்ல முன்மாதிரிகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆனாலும் 'பழையதற்குத் திரும்புங்கள்' என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. கம்பைக் குத்திப் புடைத்துச் சோறாக்குவது பெண்களின் முதுகை முறித்த வேலை. தாவாதாவாவும் அப்படித்தான். அந்த உழைப்பிலிருந்து அவர்கள் விலகியதைக் குற்றமாகப் பேசக் கூடாது. நாட்டுக் கூலங்கள் திரும்ப வேண்டுமானால், அரைத்த மாவாக, ஆய்ந்த கீரையாக, அவித்த பயறாக, சமைக்க எளிதான வடிவத்தில், மக்காச்சோள மாவு விலைக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதற்கு ஆலையும் கிடங்கும் விதையும் ஆராய்ச்சிப் பணமும் வேண்டும். மக்காச்சோளத்துக்குப் பல நாடுகள் உர மானியமும் கொள்முதலும் கொடுத்ததுபோல இவற்றுக்குக் கொடுக்கவில்லை.

## என்ன செய்து பார்த்தார்கள்?

1. சர்க்கரை வரி. 2018 ஏப்ரல் 1 முதல் தென் ஆப்பிரிக்காவில் நடைமுறையில் இருக்கிறது. வரி அமைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். 100 மில்லி லிட்டரில் 4 கிராம் சர்க்கரை வரை வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 செண்ட், 2019-இல் 2.21 செண்ட். பாட்டிலுக்கு இவ்வளவு என்று போட்டிருந்தால் நிறுவனம் விலையை ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கும். கிராம் கணக்கில் போட்டதால் சர்க்கரையைக் குறைப்பதே லாபம் என்றானது. வரி வருவதற்கு முன்பே நிறுவனங்கள் கலவையை மாற்றத் தொடங்கின. நகர்ப்புற வீடுகளின் கொள்முதலை ஆராய்ந்தபோது, வரிக்குட்பட்ட பானங்கள் வழியாக ஒருவர் வாங்கும் சர்க்கரை நாளுக்கு 16 கிராமுக்குச் சற்று மேலிருந்து 10.6 கிராமாகக் குறைந்திருந்தது. ஏழை வீடுகளில் குறைவு இன்னும் அதிகம்.

இனி பின்னடைவு. இந்த வரியைக் கரும்பு விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பின் மையம் கிழக்குக் கடலோர மாகாணமான க்வாசுலு-நட்டால். அந்தக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத்தான் 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் டர்பனில் இறங்கினார்கள். தென் ஆப்பிரிக்கத் தமிழர்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது. கரும்பை நம்பி இன்றும் பல சிறு விவசாயிகள் இருப்பதால் அவர்களின் அச்சம் பொய்யில்லை. விளைவு, 2019-க்குப் பிறகு வரி விகிதம் ஆண்டுக்கணக்கில் உயராமல் நின்றது. பணவீக்கம் அதைக் கரைத்துக்கொண்டே வந்தது. வரிப் பணத்தில் ஒரு பகுதியைக் கரும்பு விவசாயிகள் வேறு பயிருக்கு மாற ஒதுக்கியிருந்தால் எதிர்ப்பு இவ்வளவு வலுத்திருக்காது என்பது என் கருத்து.

நைஜீரியா 2022-இல் போட்டது லிட்டருக்கு 10 நைரா. சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் ஒரே தொகை. கலவையை மாற்ற நிறுவனத்துக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. அதற்குப் பிறகு நைராவின் மதிப்பு சரிந்த வேகத்தில் அந்த 10 நைராவும் பெயரளவுக்கு ஆகிவிட்டது. கானா 2023-இல் விலையில் 20 சதவீதம் என்று போட்டது. விலை ஏறினால் வரியும் ஏறும் என்பது இதன் பலம். ஆனால் சர்க்கரையைக் குறைக்கத் தூண்டாது, மலிவான பானத்துக்குக் குறைந்த வரிதான் விழும்.

2. உப்புக்கும் கொழுப்புக்கும் வரம்பு. தென் ஆப்பிரிக்கா 2013-இல் விதி வகுத்து 2016 ஜூனிலிருந்து அமல்படுத்தியது. ரொட்டியில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியம், 2019-இல் 380. வாங்குபவர் எதையும் படிக்கவோ மனதைக் கட்டுப்படுத்தவோ தேவையில்லாத சட்டம் இது. பட்டறையிலேயே உப்பு குறைந்துவிடுகிறது. கானா 1990-களிலேயே இறக்குமதி இறைச்சியில் கொழுப்புக்கு வரம்பு வைத்தது. வெளிநாடுகள் கழித்துக்கட்டும் வான்கோழி வால் அங்கே மலிவாகக் குவிந்துகொண்டிருந்ததுதான் காரணம்.

3. மாவில் சத்து சேர்த்தல். தென் ஆப்பிரிக்கா 2003 முதல் மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் அமிலம், இரும்பு, வைட்டமின்கள் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் சுமார் 30 சதவீதம் குறைந்தார்கள். கென்யாவில் 2012-இல் இந்தச் சட்டம் வந்தது. அதன் ஓட்டை: கிராமத்தில் பலர் தங்கள் தானியத்தைப் பக்கத்து சிறு மில்லில் அரைத்துக்கொள்கிறார்கள். அந்த மாவுக்குச் சத்து சேர்வதில்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை எட்டாத இடம் அது.

4. பயிரிலேயே சத்து. ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இதில் பெரிய கதை. ஆப்பிரிக்காவில் வழக்கமானது வெள்ளைக் கிழங்கு. அதில் வைட்டமின் ஏ சத்து ஏறக்குறைய இல்லை. ஆரஞ்சுக் கிழங்கு 125 கிராம் இருந்தால் ஒரு சிறு குழந்தையின் ஒரு நாள் தேவை தீரும். ஆரம்பத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரகங்கள் நீர்த்துப்போயிருந்தன. மாவு பிடித்த கிழங்குக்குப் பழகியவர்களுக்கு அவை பிடிக்கவில்லை. கோடையில் கொடி காய்ந்து, அடுத்த பருவத்துக்கு நடக் கொடியே இல்லாமலும் போனது. மொசாம்பிக்கில் மரியா ஆண்ட்ரேட் வறட்சி தாங்கும் 15 ரகங்களை 2011-இல் வெளியிட்டார். உகாண்டாவில் ராபர்ட் ம்வாங்கா உள்ளூர் ருசிக்கேற்ற ரகங்களை உருவாக்கினார். கிழங்கை மணலில் புதைத்து வைத்து, மழைக்கு முன் முளைக்கவிடும் எளிய முறையும் பரவியது. 2016-இல் உலக உணவுப் பரிசு ஆண்ட்ரேட், ம்வாங்கா, ஜான் லோ, ஹவார்த் பூயிஸ் நால்வருக்கும் கிடைத்தது. ருவாண்டாவில் இரும்புச்சத்து கூடிய அவரை இதே வழியில் வந்தது. வெறும் கையேடு கொடுப்பதைவிட, ருசி, கொடி, மணல் என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்ததுதான் இங்கே வேலை செய்தது.

5. பள்ளிச் சாப்பாடு. கென்யாவில் வாவிரா ஞ்ஜிரு 2012-இல் சிறிய அளவில் தொடங்கிய 'ஃபுட் ஃபார் எஜுகேஷன்', இப்போது நைரோபி மாவட்ட அரசோடு சேர்ந்து பெரிய மையச் சமையற்கூடங்களில் சமைத்துப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. பெற்றோர் தரும் பங்கு 5 ஷில்லிங். பிள்ளை கையில் கட்டியிருக்கும் பட்டையைத் தட்டினால் சாப்பாடு. சோறு, பயறு, காய். மையச் சமையற்கூடம் அடுப்புச் செலவையும் நேரத்தையும் ஒரே அடியில் குறைக்கிறது. அவரை வேகும் செலவு ஆயிரக்கணக்கான தட்டுகளுக்குப் பகிர்ந்துபோகிறது. அந்தப் பயறையும் காயையும் உள்ளூர் விவசாயிகளிடம் வாங்கினால் அவர்களுக்கும் நிலையான சந்தை. கொடுக்கும் ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் இதைவிட அதிகம் செய்யக்கூடிய திட்டம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உலக உணவுத் திட்டத்தின் கணக்கில், அண்மை ஆண்டுகளில் பள்ளிச் சாப்பாடு மிக வேகமாக விரிந்தது சஹாராவுக்குத் தெற்கேதான். கூடுதலாக 2 கோடிப் பிள்ளைகள்.

பள்ளிக்கு முந்தைய வயதில்தான் இடைவெளி. ருவாண்டாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 81 சதவீதம் பேருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுகிறது. அப்படியும் 2019-20 கணக்கெடுப்பில் 33 சதவீதக் குழந்தைகளுக்கு வளர்ச்சி குன்றல். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை என்ன ஊட்டுகிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பள்ளிச் சாப்பாடு தொடங்கும்போது அந்த 1000 நாட்கள் முடிந்திருக்கும்.

## இலக்கும் அளவுகோலும்

2014-இல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவர்கள் எக்குவடோரியல் கினியின் மலாபோ நகரில் கூடி, 2025-க்குள் வளர்ச்சி குன்றலை 10 சதவீதமாகக் குறைப்போம் என்று உறுதி எடுத்தார்கள். 2025 வந்தபோது கண்டத்தின் விகிதம் 30 சதவீதத்தின் அருகிலேயே இருந்தது. சில நாடுகள் நன்றாக முன்னேறியிருக்கின்றன: எத்தியோப்பியாவில் 2000-இல் 58 சதவீதம், 2016-இல் 38. கானாவில் 2022 கணக்கெடுப்பில் 18. ஆனால் அதே கானா கணக்கெடுப்பில், வயது வந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதிக எடை அல்லது பருமன். ஒரு சுமை இறங்கும்போது மற்றது ஏறுகிறது. இரண்டுக்கும் தனித்தனித் துறை, தனித்தனி நிதி, தனித்தனி அதிகாரிகள் என்று வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியாது. எடை குறைந்த குழந்தைக்கென்று கொடுக்கும் மாவில் சர்க்கரை சேர்க்கும் திட்டமும், சர்க்கரைக்கு வரி போடும் திட்டமும் ஒரே அரசில் நடந்தால் யாராவது கவனிக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையில் வந்த தென் ஆப்பிரிக்கா, கானா, ருவாண்டா, எத்தியோப்பியாவின் வளர்ச்சி குன்றல், அதிக எடைக் கணக்குகள் மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்பு என்ற ஒரே வரிசையிலிருந்து வந்தவை. வீடு வீடாகப் போய்க் குழந்தையின் உயரத்தை அளந்து, தாயின் எடையைப் போட்டு, ரத்தத்தைச் சோதித்து எடுத்த எண்கள். இதற்கு 40 ஆண்டுகளாகப் பெரும் பணம் கொடுத்துவந்தது அமெரிக்க அரசின் உதவி நிறுவனம். 2025 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். ஜூலையில் அந்த நிறுவனமே மூடப்பட்டது. பாதியில் நின்ற கணக்கெடுப்புகளை முடிக்கத் தற்காலிக நிதி திரட்டப்பட்டது. அதற்குப் பிறகு வரும் கணக்கெடுப்புகளுக்கு அந்தந்த நாடுகள் தங்கள் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்காவிட்டால், கானாவிலோ கென்யாவிலோ அடுத்த முறை வரி போட்டாலும் உப்பைக் குறைத்தாலும், எந்த வீட்டுக் குழந்தை வளர்ந்தது, எந்த வீட்டில் வளரவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.